பத்மாவின் பெயரில் பதினான்கு படிவங்கள்

வேப்பம்பட்டில் காலை மின்ரயிலைப் பிடித்துப் பட்டரவாக்கத்தில் இறங்குவது தாட்சாயிணிக்குப் பதினோரு வருடப் பழக்கம். முதலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் டைப்பிஸ்டாக இருந்தாள். அது மூடப்பட்டதும், 1995-ல், அதே எஸ்டேட்டில் புதிதாகக் கிளம்பியிருந்த ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே நூற்றிருபது பேர். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் மருந்துக் கிடங்குகளுக்கு ப்ரோகிராம் எழுதிக் கொடுப்பது அவர்கள் வேலை.

இரண்டு வருடம் கழித்து முதலாளி ஜம்புலிங்கம் எல்லோரையும் கூட்டி, "நாம லெவல் த்ரீ வாங்கியாகணும்" என்றார். ஒரு கம்பெனி எவ்வளவு ஒழுங்காக மென்பொருள் எழுதுகிறது என்பதை அளக்க அமெரிக்காவில் ஐந்து படி வைத்திருந்தார்கள். அதில் மூன்றாவது படி. அதற்கான பதிவுகளைப் பராமரிக்கும் பொறுப்பு தாட்சாயிணிக்கு வந்தது.

அவள் அந்தத் தடித்த புத்தகத்தை ரயிலில் வைத்துப் படித்தாள். பாதி புரியவில்லை. புரிந்த பாதி பிடித்துப்போனது. முதல் படியில் இருக்கும் கம்பெனியில் யாரோ ஒரு கெட்டிக்காரன் உயிரைக் கொடுத்து வேலையை முடிப்பான். அவன் போய்விட்டால் எல்லாம் போச்சு. இரண்டாவது படியில் ஒவ்வொரு வேலைக்கும் திட்டம் இருக்கும். மூன்றாவதில் கம்பெனி முழுக்க ஒரே முறை, எழுதி வைத்த முறை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துத் தவறு சொல்ல வேண்டும். அதற்கு ரிவ்யூ என்று பெயர். ஒரு பையன் வேலையை விட்டுப் போனதும் அவன் எழுதியதை யாராலும் தொட முடியாமல் மூன்று மாதம் தவித்ததை அவளே பார்த்திருக்கிறாள். 'இது முன்னமே இருந்திருந்தால்' என்று நினைத்தாள்.

ஆனால் ரிவ்யூவுக்கு யாருக்கும் நேரம் இல்லை. 1998 மார்ச்சில் மதிப்பீட்டாளர்கள் வருவதாகத் தேதி குறித்தபோது கோப்பில் ஒன்பது ரிவ்யூப் படிவங்கள்தான் இருந்தன. தர மேலாளர் கங்காதரன் அவள் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் நாப்பது வேணும்மா. போன வருஷத் தேதி போட்டு நிரப்பிடு."

"நடக்காத ரிவ்யூவுக்கா சார்?"

"இனிமே நடத்தப் போறோம் இல்ல? சர்டிபிகேட் வந்துட்டா எல்லாம் தானா ஒழுங்காயிடும். யார் பேரையாவது போடு."

இரண்டு நாளில் நாற்பதையும் எழுதி முடித்தாள். பேனாவை மாற்றி மாற்றி எழுதினாள். அதில் பதினான்கில் பார்த்தவர் என்ற இடத்தில் பத்மாவின் கையெழுத்தைப் போட்டாள். பத்மா அதே கம்பெனியில் ப்ரோகிராம் எழுதுபவள், காலை ரயிலில் ஆவடியில் ஏறுகிற பெண். அப்பா வேம்புலி வயல் வேலையை விட்டு ஆலைக்குப் போனவர். அந்தக் குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்த முதல் ஆள் அவள். சாயங்காலம் ரயிலில் முந்தி ஏறி, 'அக்கா' என்று கூப்பிட்டு இடம் பிடித்து வைப்பாள். அவளுடைய கையெழுத்து இரண்டே எழுத்து, போடச் சுலபம். பத்மாதானே, ஒன்றும் சொல்லமாட்டாள் என்றும் தோன்றியது.

மதிப்பீட்டாளர்கள் வந்தார்கள். "ரிவ்யூவால் தவறுகள் குறைந்தனவா?" என்று அவளைக் கேட்டார்கள். குறைந்தன என்றாள். லெவல் த்ரீ கிடைத்தது. வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டினார்கள். அலுவலகம் முழுக்க லட்டு கொடுத்தார்கள். அவளால் அதைத் தின்ன முடியவில்லை.

ஜூலையில் வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. ப்ரோகிராம் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் பார்த்தது. 2000-ல் காலாவதியாகும் மருந்துகளை, 1900-லேயே காலாவதியானவை என்று எடுத்துக்கொண்டது. ஓர் ஆஸ்பத்திரியில் அதை நம்பி நல்ல மருந்துப் புட்டிகளை அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அழித்துவிட்டார்கள். மருந்துக்காக நோயாளிகள் நான்கு நாள் காத்திருந்தார்கள்.

அந்தப் பகுதியை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். பார்த்துச் சரி சொன்னது யார் என்று கோப்பைக் கேட்டார்கள். தாட்சாயிணிதான் எடுத்துக் கொண்டுபோனாள். படிவத்தில், தவறு எதுவும் இல்லை என்ற குறிப்பின் கீழ், பத்மாவின் கையெழுத்து.

"நான் இத பாக்கவே இல்ல சார்" என்றாள் பத்மா.

"உன் கையெழுத்து இல்லையா?" என்றார் கங்காதரன்.

பத்மா தாளைக் குனிந்து பார்த்தாள். ஏழு என்ற எண்ணின் குறுக்கே ஒரு சின்னக் கோடு. அந்த அலுவலகத்தில் ஏழுக்கு அப்படிக் கோடு போடுகிறவள் ஒருத்திதான். பத்மா நிமிர்ந்து தாட்சாயிணியைப் பார்த்தாள். தாட்சாயிணி கோப்பை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள். அன்று மதியமே பத்மாவை சஸ்பெண்ட் செய்தார்கள்.

வீட்டில் அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துப் புகைந்தது. கணவன் நாகேந்திரன், திருமழிசையில் லேத் ஓட்டுகிறவன், எட்டிப் பார்த்தான்.

"இன்னாமே, மூஞ்சி இப்டி கீது?"

எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பாத்திரத்தை இறக்கி வைத்தான்.

"சொன்னா வேல பூடும்" என்றான்.

"சொல்லாட்டி அந்தப் பொண்ணு வேற எங்கயும் நுழைய முடியாதுய்யா. இன்னொரு கம்பெனிக்காரன் போன் போட்டுக் கேப்பான் இல்ல?"

"இதுல என்கிட்ட இன்னாத்த கேக்கற? நீ எய்தினது. நீதான் போய் சொல்லணும்."

மறுநாள் கங்காதரனிடம் போனாள். உண்மையைச் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். "அந்த ஒரு படிவம் பொய்னா மீதியும் பொய்தான். லெவல் போயிடும். நூத்தி இருபது குடும்பம்மா" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அவளால் மூன்று நாள் நகர முடியவில்லை. ரயிலில் ஆவடி வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் அந்தப் படிவத்தை மறுபடி எடுத்தாள். தேதி 1997 செப்டம்பர் 5. அன்று பத்மாவின் அக்காவுக்கு ஆவடியில் கல்யாணம். தாட்சாயிணியே அரைநாள் லீவு போட்டுப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவள். அவசரத்தில் நாள்காட்டியில் கை போன தேதியை எழுதியிருக்கிறாள். வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். பத்மா அன்று விடுப்பு.

பதிவேட்டையும் கோப்பையும் எடுத்துக்கொண்டு நேராக ஜம்புலிங்கத்தின் அறைக்குள் போனாள்.

"இத எழுதினது நான் சார். இதோட சேத்து நாப்பது எழுதினேன். பத்மா அன்னிக்கு ஆபீஸ்லயே இல்ல."

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "யார் சொல்லி எழுதினே?"

"கங்காதரன் சார் சொன்னாரு. ஆனா கை என்னுது."

அவர் பதிவேட்டை மூடி அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு கோப்பைத் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மறுநாள் பத்மாவைத் திரும்ப அழைத்தார்கள். வாடிக்கையாளருக்கு, பதிவில் எழுத்துப் பிழை என்று கடிதம் போனது. கங்காதரன் இருந்த இடத்திலேயே இருந்தார். சான்றிதழும் சுவரில் இருந்தது. தாட்சாயிணியிடம் ராஜினாமாக் கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு திருமழிசையில் ஒரு பம்பு பாகங்கள் செய்யும் பட்டறையில், சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை கிடைத்தது. முந்தைய இடத்தை ஏன் விட்டாய் என்று அங்கே கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள். அவர்களுக்கு அதில் பெரிதாக எதுவும் தோன்றவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் பத்மாவைப் பார்த்தாள். பத்மா ஒதுங்கிப் போகவில்லை.

"இப்ப நெசமாவே ரிவ்யூ நடக்குதுக்கா. நான் சண்ட போட்டு ஆரம்பிச்சேன். மொத நாள் மூணு மணி நேரம் உக்காந்தோம். பன்னெண்டு பக்கத்துல ஒம்போது தப்பு."

"ஒம்போதா!" என்றாள் தாட்சாயிணி. சந்தோஷமாக இருந்தது, அங்கே தான் இல்லையே என்று வலிக்கவும் செய்தது.

"நீ போய் சொன்னது எனக்குத் தெரியும்" என்றாள் பத்மா. "ஆனா என் பேர எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அதனாலதான் கேக்கலியா?"

ஆவடி வண்டி வந்து நின்றது. கூட்டத்தோடு பத்மா ஏறிக்கொண்டாள்.