புடையன் கடித்த அன்று மாமா பேசியவை

என் மாமனார் என்னோடு நேரே பேசியது ஒரே ஒரு நாள்தான். அதற்கும் ஒரு பாம்பு வேண்டியிருந்தது.

மாமா யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதில் கண்டாவளைப் பக்கம் குடியேறி, காடு வெட்டி வயலாக்கியவர். என் அப்பாவும் அம்மாவும் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அவருடைய மகளை நான் காதலித்துக் கட்டினேன். எங்கள் ஆட்களுக்கு ஊரில் சிலர் வைத்திருந்த இழிபெயரை இங்கே எழுத மனமில்லை. மாமா அதைச் சொன்னதில்லை. என்னிடம் எதையுமே சொன்னதில்லை. "அவரைச் சாப்பிட வரச் சொல்லு", "பம்பை நிப்பாட்டச் சொல்லு" என்று எல்லாம் என் மனைவி வழியாகத்தான் வரும். வயலில் அவள் இல்லாவிட்டால் மாட்டைப் பார்த்துச் சொல்வார். எனக்கும் வீம்பு குறைவில்லை. நானும் மாட்டுக்கே பதில் சொல்வேன்.

அன்று காலை வயல் வரம்பில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். பிரஷர் குக்கர் ஆவி விடுவதுபோல ஒரு சீறல் கேட்டது. அடுத்த கணம் கணுக்காலுக்கு மேலே நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. கண்ணாடிப் புடையன். நெல் விளைந்து எலி பெருகும் காலத்தில் எங்கள் வயல்களுக்கு அதுவும் வந்துவிடும். மாமா மண்வெட்டியோடு ஓடிவந்து அதை அடித்து, உரப்பையில் போட்டுக் கட்டினார். பாம்பைக் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் ஆஸ்பத்திரியில் மருந்து மாறிவிடும் என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு பயம்.

மோட்டார் சைக்கிளில் அவர் முன்னால், நான் நடுவில், மனைவி பின்னால். அவருடைய இடுப்பைப் பிடிக்கக் கூச்சப்பட்டுச் சட்டையை மட்டும் பிடித்துக்கொண்டேன். சாகப்போகிறவனுக்கு என்ன கூச்சமோ! "அவனை நித்திரை கொள்ள விடாதை! ஏதாவது கதைச்சுக்கொண்டு வா!" என்று வழியெல்லாம் மகளிடம் கத்தினார். பாம்பு கடித்தவன் தூங்கினால் எழும்பமாட்டான் என்பார்கள் எங்கள் பக்கத்தில். தூங்கவிடாமல் இருக்க ஆள் மாறி ஆள் கதைத்துக்கொண்டே இருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் தாதி உரப்பையைத் திறந்ததும் பாம்பு ஒரு தரம் நெளிந்தது. வார்டே கட்டில்மேல் ஏறிவிட்டது.

"ஐயா, செத்த பாம்பெண்டெல்லோ சொன்னனீங்கள்!"

"செத்ததுதான் பிள்ளை. அதுக்கு இன்னும் தெரியேல்லை."

என் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் ஜன்னலடியில் வைத்தார்கள். இருபது நிமிடம் கழித்துச் சரித்தபோது அது தண்ணீராக ஓடியது. உறையவில்லை. பல் முரசில் இரத்தம் கசிந்தது. கால் முழங்கால்வரை வீங்கிவிட்டது. விஷமுறிவு மருந்தைச் சேலைனில் கலந்து ஏற்றத் தொடங்கியதும் உடம்பெல்லாம் தடித்துச் சொறிந்தது, குளிர் உதறியது. நிறுத்தி, வேறு ஊசி போட்டு, மறுபடியும் மெல்ல ஏற்றினார்கள். சிறுநீரைப் பிடித்துப் பிடித்து நிறம் பார்த்தார்கள். இரத்தம் உறையத் தொடங்கினால் தப்பலாம், சிறுநீரகம் பழுதானால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று டொக்டர் சொன்னார். எங்கள் குழந்தைக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. எனக்குச் சாகப் பயமாக இருந்தது.

மத்தியானத்துக்கு முன் என் இமைகள் விழுந்துவிட்டன. எவ்வளவு முயன்றும் தூக்க முடியவில்லை. நாக்கும் தடித்துப் பேச்சு குழறியது. ஆனால் தூக்கம் துளியும் இல்லை. டொக்டர் வந்து இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் தலைமாட்டில் மாமாவின் குரல் கேட்டது.

"டேய் தம்பி, நித்திரை கொள்ளாதை. நான் சொல்லுறதைக் கேள்."

தம்பி! கண் திறந்திருந்தால் திரும்பிப் பார்த்திருப்பேன், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று.

மனிதர் வைத்திருந்ததையெல்லாம் கொட்டினார். காணி கிடைத்த புதிதில் யானைக்குப் பயந்து மரத்தில் பரண் கட்டிப் படுத்தது, முதல் போகம் முழுவதும் வெள்ளத்தில் போனது, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பெட்டி கட்டியது, மாமி அந்தப் பெட்டியை அவிழ்த்து உடுப்புகளைத் திரும்பக் கொடியில் போட்டது. கதை தீர்ந்ததும் தான் வளர்த்த மாடுகளின் குணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அதுவும் தீர்ந்தது. குரல் இன்னும் கிட்ட வந்தது:

"நீ கட்டின வரம்பு நேராக் கிடக்கு. என்ரை கோணல். கனகாலமாத் தெரியும், சொல்லத்தான் வாய் வரேல்லை." பிறகு குரல் உடைந்தது. "என்ரை பிள்ளையைத் தனிய விட்டிட்டுப் போயிடாதையடா."

மூடிய இமைக்குள் எனக்குக் கண்ணீர் முட்டியது. கை விரலை அசைத்தேன். அவர் கண்டாரோ தெரியாது.

பின்னேரம் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குழாயைச் சரித்த தாதி, "உறைஞ்சிட்டுது, ஐயா" என்றாள். மாமா பேச்சை நிறுத்தினார். வெளி விறாந்தையில் போய் மூக்குச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது.

வீடு திரும்பிய அன்று வாசலில் அவர் ஏதாவது சொல்வார் என்று ஆசையோடு இறங்கினேன். "அவருக்குக் கஞ்சி குடுத்தனியோ?" என்று மகளைக் கேட்டார். அவ்வளவுதான். பழையபடி மாடும் நாங்களும். கோபம்கூட வந்தது எனக்கு. போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேரும்வரை மனிதர் அப்படியே இருந்தார்.

இப்போது வயலில் தனியாக நிற்கும்போது அந்தப் பகல் நினைவுக்கு வருகிறது. இன்னொரு தரம் அந்தக் குரலைக் கேட்க மாட்டோமா என்று ஏங்குகிறேன். அவர் போய் ஒரு வருடமான ஆட்டைத் திவசத்தன்று மனைவியிடம் சொன்னேன்: "என்னைத் தூங்கவிடாமல் வைக்கத்தானே அன்றைக்கு அவ்வளவும் பேசினார். தூங்கலாம் என்று தெரிந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டார்."

அவள் இலை துடைத்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, அது அப்பாவுக்குத் தெரியும். 'இது நித்திரையில்லை, விஷம் இமையை விழுத்திப்போட்டுது, நித்திரை கொண்டாலும் பிழையில்லை, ஆளை ஆற விடுங்கோ' எண்டு அப்பா உள்ளை வர முதலே விறாந்தையிலை வைச்சு டொக்டர் சொன்னவர். நானும் பக்கத்திலைதான் நிண்டனான்." ஒரு இலையைத் துடைத்து வைத்துவிட்டு மேலும் சொன்னாள். "காது நல்லாக் கேக்கும் எண்டும் சொன்னவர்."