வெறும் சூடுதான் என்றேன்

பக்கத்து வீட்டுக்காரி தினமும் காலையில் புருஷனோடு சண்டை போடுவாள். "பல்லு வெளக்காம டீ கேக்கறியே, கலீஜு!" என்று சுவர் தாண்டிக் கேட்கும். எனக்கு வயிறு எரியும். பொறாமைதான், வேறென்ன? திட்டுவதற்கு அவளுக்கு ஒரு ஆள் இருக்கிறது. என் ஆளை மூலக்கொத்தளத்தில் புதைத்து மூன்று வருஷமாகிறது.

அவள் புருஷனும் என் புருஷனும் காசிமேட்டில் ஒரே லாஞ்சில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போனவர்கள். என் புருஷன் இன்ஜினைப் பார்த்துக்கொண்டார். பத்து நாள் போனால் பத்து நாளும் அந்த இன்ஜின் பக்கத்திலேதான் படுக்கை, சாப்பாடு எல்லாம். அதனால் மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்று அவர் சொன்னபோது நான் யோசிக்கவே இல்லை. இன்ஜின்காரர்கள் வீட்டில் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: சூடு. வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன், பார்லிக் கஞ்சி கொடுத்தேன், தலைக்கு எண்ணெய் வைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு.

அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில், லாஞ்சுகளைக் கட்டிப்போட்டு ஆம்பளைகள் வீட்டில் கிடந்தபோது, எங்கள் தெருவுக்கு முகாம் வந்தது. ஐம்பது தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பார்களாம். அந்த இடத்து நோய் என்றதும் ஒருத்தனும் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மட்டும், "சுகர் பாக்கறாங்க, வா" என்று பொய் சொல்லிப் புருஷனை இழுத்துக்கொண்டு போனாள். அவருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது.

"யக்கா, அண்ணனையும் இட்டுகினு வா. அவருதான் கஷ்டப்படறாரே," என்றாள்.

"போடி, வேற வேல இல்ல ஒனக்கு. அவருக்கு வெறும் சூடு," என்று சிரித்தேன்.

அவள் புருஷனுக்கு நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து ஆபரேஷன் செய்துவிட்டார்கள். என் புருஷன் இடுப்பு வலி என்று படுத்தபோது எலும்பு வரைக்கும் பரவியிருந்தது. தொந்தரவே இல்லாதவர் பிழைத்தார், கஷ்டப்பட்டவர் போய்ச் சேர்ந்தார். இது என்ன நியாயம்?

போன வாரம் அவள் என் வாசலில் வந்து நின்றாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக்குப் புருஷன் போக மாட்டேன் என்கிறாராம்.

"நல்லாத்தான் கீறேன், பேஜாரு பண்ணாதன்றாரு. நோவு திரும்பி வந்தா நான் இன்னாக்கா பண்ணுவேன்? நீ சொன்னா கேப்பாரு."

கேட்காமலே போகட்டும், இவளும் ஒருநாள் என்னைப் போல சுவர் ஓரம் காதை வைத்துக்கொண்டு கிடக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். பாவி மனசு.

பிறகு எழுந்து போனேன். அவர் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணி, நீயுமா? எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே."

"எம் புருஷனுக்கும் ஒண்ணும் இல்லன்னுதான் நான் சொன்னேன். இந்தா நைனா, ஒம் பொண்டாட்டியப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. ஒன்னக் காலைல திட்டறா பாரு, அதுக்குத்தான்."

அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"அது எரிஞ்சிகினே கெடக்கட்டும். நீ போயி ரத்தம் குடுத்துட்டு வா," என்றேன்.

மறுநாள் காலையில் சுவர் தாண்டிக் கேட்டது: "சட்டைய மாத்துய்யா, ஆஸ்பத்திரில கூட்டம் சேந்துடும்!" வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனாள். தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.