டிவிடிக்கு மாறியவர்

என் அலமாரி நிறைய விசிடிகள் இருந்த காலம். எல்லாவற்றையும் டிவிடியாக மாற்றலாமா, வீண் வேலையா என்ற குழப்பத்தோடு, ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், முத்தியால்பேட்டையில் ஒரு படக்கடைக்குப் போயிருந்தேன். அங்கேதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவர். வெளிர்நீலப் பருத்திப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. எந்த டிவிடியை எடுத்தாலும் நடிகர்களின் முகத்தைப் பார்க்காமல் பின்பக்கம் திருப்பி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பொடி எழுத்துகளைப் படித்தார்.

“டிவிடியில படம் ரொம்பத் தெளிவா இருக்குமாங்க?” என்று அவரிடம் கேட்டேன்.

“படம் விசிடியிலயே நல்லாத்தான் தெரிஞ்சிச்சு தம்பி. கீழ பிரெஞ்சுல எழுத்து ஓடுமான்னு பாக்குறேன்” என்றார்.

அவர் கணவருக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு காது கேட்காமல் போய்விட்டதாம். படம் போட்டால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாராம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதால் அந்த எழுத்தை மட்டும் ஓடுகிற வேகத்திலேயே படித்துவிடுவாராம்.

“டிவிடி வாங்க ஆரம்பிச்ச பிறகு எழுந்து போறதில்லையா?”

“எங்க போறாரு. வசனம் பேசறதுக்கு முன்னாடியே எழுத்து வந்துடுது. எனக்கு முன்னாடி அவரு சிரிச்சுடறாரு. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்து, உனக்கு இன்னும் புரியலியான்னு கேக்கறாரு.”

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நகைச்சுவைப் படங்களை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அந்த வாரமே நானும் டிவிடிக்கு மாறினேன். இப்போதும் ஏதாவது நகைச்சுவைக் காட்சி வந்தால், இந்த ஊரில் எங்கோ ஒரு வீட்டில் இதே இடத்தில் ஒருவர் முதலில் சிரித்திருப்பார், ஒரு நொடி கழித்து அந்த அம்மாவும் சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.