அப்பா கவ்விய அறுகு

புல் என்றால் அற்பம் என்று பொருள்கொள்வது நம் காலத்து அறியாமை. முன்னோர் அப்படி எண்ணவில்லை. வேள்விக்குத் தர்ப்பை வேண்டியிருந்தது. கூரைக்கு விழல், படுக்கைக்குக் கோரை, பிள்ளையாருக்கு அறுகு. அடியார் பாதம் படும்படி ஆலய முற்றத்தில் ஒரு புல்லாய் முளைத்தால் போதும் என்று உருகி நின்றவர்களும் உண்டு. எங்கள் குடும்பத்துக்கோ புல்தான் சோறு. பூந்தமல்லியில் பட்டாளம் இருந்த காலத்தில் அதன் குதிரைகளுக்குப் புல்லறுத்துச் சுமந்தவர்கள் எங்கள் முன்னோர். அப்பாவும் சிறுவயதில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் புல்லறுத்துப் பால்காரர்களுக்கு விற்றுத்தான் தம் தம்பியைப் படிக்கவைத்தார். பின்னாளில் இருவருக்கும் ஆவடியில் தொழிற்சாலை வேலையும் குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வரிசைகளில் வீடும் கிடைத்தன.

அந்தப் புல்லே அவர்களைப் பிரித்தது. மாங்காட்டில் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் அப்பா பெருமிதத்தோடு உள்ளங்கைகளை விரித்துக் காட்டி, "புல்லு அறுத்த கைங்க இது" என்றாராம். பெண் வீட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். திருமணம் தடையின்றி நடந்தது. ஆனால் சித்தப்பாவுக்கு அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. "என் மானத்தையும் கட்டாக் கட்டி வித்துட்ட இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனவர், அதன்பின் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. என்னை முன்கம்பியில் உட்காரவைத்துச் சுற்றிவந்த அவருடைய சைக்கிள், எங்கள் வீட்டைக் கடக்கையில் மணிகூட அடிக்காமல் போயிற்று. சித்திக்கு வளைகாப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் அழைப்பு வராதோ என்று அம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்கையில், சித்தப்பாவை எப்படியாவது வீட்டுக்கு வரவழைத்துவிட வேண்டும் என்று எனக்குத் துடிப்பாக இருக்கும்.

வழி மார்கழியில் பிறந்தது. குவார்ட்டர்ஸ் பிள்ளையார் கோயிலில் சொற்பொழிவாற்ற வந்த பெரியவர், பழங்காலத்துப் போர்முறை ஒன்றைச் சொன்னார். தோற்ற மன்னன் வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு நின்றால், வென்றவன் வாளை உறையில் இட்டுவிட வேண்டுமாம். புல்லைக் கவ்வியவன் பசுவுக்குச் சமம். அவன்மேல் ஆயுதம் படக்கூடாதாம். இறைவன் முன் நாமும் அவ்வாறே நிற்க வேண்டும் என்று அவர் மேலே கொண்டுபோனார். நான் போர்க்களத்திலேயே நின்றுவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா பாயில் மல்லாந்து, வாய் சற்றே திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். அம்மா மாவரைக்கப் போயிருந்தாள். பிள்ளையாருக்குப் பறித்து வைத்திருந்த அறுகில் நீளமான ஒன்றைத் தேர்ந்து, அப்பாவின் பற்களுக்கிடையே மெல்லச் செருகினேன். அவர் அசையவில்லை. உடனே சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன்.

"சித்தப்பா, சீக்கிரம் வாங்க! அப்பா வாய்ல புல்லு!"

சவரம் செய்துகொண்டிருந்தவர் திரும்பினார். "இன்னாம்மா சொல்ற? இன்னா ஆச்சி?"

"படுத்துக்கினு கீறாரு. எய்ந்திரிக்கவே இல்ல."

உள்ளே புகுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வருவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ கத்தியை அங்கேயே போட்டுவிட்டு, பாதி முகத்தில் நுரையோடு, வெறுங்காலோடு பறந்தார். ஷிப்ட் முடிந்து வரும் வழியில் அப்பா எங்கோ புல்தரையில் குப்புற விழுந்து கிடக்கிறார் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. முதலில் மைதானத்துப் பக்கம் ஓடினார். "அங்க இல்ல, ஊட்ல!" என்று நான் கூவியதும் திரும்பினார்.

"அண்ணா! கண்ணத் தொறண்ணா!" என்று தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் அப்பா பதறி எழுந்து உட்கார்ந்தார். வாயோரம் புல் தொங்கியது. கூச்சல் கேட்டு எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

"இன்னா அண்ணாத்தே, மாட்டுப் பொங்கலுக்கு இன்னும் நாளு கீதே! அதுக்குள்ள மேய ஆரம்பிச்சிட்ட?"

அப்பா புல்லை எடுத்து வியப்போடு பார்த்தார். நுரை முகத்தோடு மூச்சிரைக்க மண்டியிட்டிருந்த தம்பியையும் பார்த்தார். புல்லை எறியப் போனபோது நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தூக்கிப் போடாதப்பா. கவ்விக்கினு இருந்தாதான் சித்தப்பா சண்டைய வுட்டுடுவாரு. கோயில்ல சொன்னாங்க."

பக்கத்து வீட்டுக்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அப்பா என்னைத் திட்டவில்லை. தம்பியின் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல், அந்த அறுகை மறுபடியும் பற்களுக்கிடையே வைத்துக் கவ்விக்கொண்டார்.

என் விளையாட்டுக்கு அப்பா இசைந்துவிட்டார் என்று எனக்கு ஒரே குதூகலம்.

"துப்புண்ணா... அத்தத் துப்பு" என்றார் சித்தப்பா.

"இனிக்கிதுடா" என்றார் அப்பா, புல்லை எடுக்காமலே.

சித்தப்பா சட்டென்று எழுந்து, தாகமாக இருப்பதாகச் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார். நானும் பின்னோடு போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குடித்தார். குடித்து முடித்த பின்னும் செம்பை முகத்திலிருந்து இறக்கவில்லை. தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அவ்வளவு தூரம் ஓடிவந்தவருக்கு ஒரு செம்பு எப்படிப் போதும் என்று, நான் இன்னொரு செம்பு மொண்டு நீட்டினேன்.