ஏரிக்கு முதுகு காட்டியவர்

ராயக்கோட்டை தாண்டி, மலையடி ஏரிப் பூங்காவில் நானும் கம்பெனி நண்பர்களும் கூடாரம் அடித்திருந்தோம். அங்கிருந்த காவலாளி, காக்கிச் சட்டைக்கு மேல் கிழிந்த ஸ்வெட்டரோடு, எந்நேரமும் ஏரிக்கு முதுகைக் காட்டிக் காட்டையே பார்த்து உட்கார்ந்திருந்தார். மதியம் நாங்கள் பலாப்பழத்தை அறுத்ததும் விருட்டென்று எழுந்து வந்தார்.

“வாசன காட்டுக்குள்ள போயிருச்சு சார். அவரு வந்துருவாரு. கெளம்புங்க.”

“யாரு?”

“பேரச் சொல்ல மாட்டோம் சார்.”

யானையைத்தான் சொல்கிறார் என்று புரிந்ததும் அவசர அவசரமாகக் கூடாரங்களைச் சுருட்டினோம். காட்டுக்குள் கிளை முறியும் சத்தம் கேட்டது. எங்களை வெளியே விட்டுவிட்டு, அவர் உள்ளிருந்தே கேட்டைப் பூட்டினார்.

“நீங்க வரலீங்களா?”

“நானும் வந்துட்டா அவரு நேரா ஊருக்குள்ள போயிருவாரு.”

தட்டி விரட்டுவதற்கான தகர டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். வண்டியில் வரும்போது அந்த டப்பாச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே வந்தேன். கேட்கவே இல்லை.