மாமா கால்ல இன்னொரு பிரேக்கு

"மாமா, வண்டியில ஏறிட்டோம். பக்கத்துல வந்து உக்காருங்க, ஆமென்" என்று கண்ணை மூடாமலேயே ஜெபத்தை முடித்துவிட்டு, "ம், சாவியைத் திருப்பு" என்பாள் பிரேக் அக்கா. புதிதாகக் கார் பழக வந்தவர்கள் இந்த இடத்தில் தவறாமல் பின்சீட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே ஒரு குடையும் தண்ணீர் பாட்டிலும்தான் கிடக்கும். "எந்த மாமாக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டால், "கடவுளைச் சொன்னேன். நீ முன்னாடி பாரு" என்று பதில் வரும்.

அவளுடைய பயிற்சிப் பள்ளியில் இருப்பது ஒரே ஒரு கார். பழகுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் அவளுக்கு ஒரு பிரேக். செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை அதன் மேல் வைத்தாளானால் வீடு திரும்பும் வரை எடுக்க மாட்டாள். பஸ்ஸில் போனாலும் சரி, பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தாலும் சரி, பயம் வந்தால் அந்தக் கால் தானாகத் தரையை அமுக்கும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

பழகுகிறவர் தேறிவிட்டார் என்று அவள் வாயால் சொல்வது கிடையாது. ஒருநாள் ஓடுகிற வண்டியில் இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொள்வாள். "இனிமே நீயாச்சு, ரோடாச்சு" என்று அர்த்தம். அதைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் உண்டு. பார்த்த அதிர்ச்சியில் காரை நடைபாதை மேல் ஏற்றியவரும் ஒருவர் உண்டு.

கடவுளை அவள் மாமா என்று கூப்பிடுவதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணம். அவள் பல் விழுந்து முளைக்கிற வயதில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், போனவர்தான். அம்மாவின் தம்பி லாரி ஓட்டுபவர். அவர்தான் அரிசி வாங்கிப் போட்டார், பள்ளியில் கையெழுத்துப் போட்டார், பிறகு ஸ்டியரிங்கையும் கையில் கொடுத்தார். ஞாயிறு பள்ளியில், கேட்டால் கொடுப்பவர், தொலைந்தால் தேடி வருபவர், தப்புச் செய்தாலும் சேர்த்துக்கொள்பவர் என்று டீச்சர் அடுக்க அடுக்க, அந்தச் சின்னப் பெண் "எங்க மாமா!" என்று கையைத் தூக்கினாள். அன்று பிடித்த பிடியை இன்னும் விடவில்லை.

மாமா இன்றும் இருக்கிறார். பயிற்சிப் பள்ளி ஆபீசில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் தன் லாரிக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். ஞாயிறு ஆராதனைக்குக் கோயில் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. "என்னை ஏம்மா அவரோட கூட்டுச் சேக்குற? நான் லைசென்ஸே புதுப்பிக்காதவன்" என்று கூச்சப்படுவார்.

சபையிலோ ஆளுக்கு ஒரு ஜெபம். வக்கீல் குமாஸ்தா ஜெபித்தால் மனுப் போடுவது மாதிரி இருக்கும். மொத்த வியாபாரி கடவுளிடமே பேரம் பேசுவார். சபை நிர்வாகத்தில் மூத்தவரான மூப்பர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அவர் ஜெபிக்கும்போது வானத்துக்குச் சுற்றறிக்கை போகிறதோ என்று தோன்றும். இதெல்லாம் யாருக்கும் வித்தியாசமாகப் படுவதில்லை. பிரேக் அக்கா "மாமா, இவங்க முழங்கால் வலியைக் கொஞ்சம் என்னன்னு கேளுங்க" என்றால் மட்டும் தலைகள் திரும்பும். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்த புது அம்மாள் ஆராதனை முடிந்ததும், "உங்க வீட்டுக்காரர் டாக்டரா?" என்று விசாரித்தாள்.

மற்றவர்கள் மாதிரி கடவுளை 'நீர்' என்றும் அவள் சொல்ல மாட்டாள், 'நீங்க'தான். "நீர்னு என்னை ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருக்காங்க, கோர்ட் நோட்டீஸ்ல. அதுல இருந்து அந்த வார்த்தையைக் கேட்டாலே எந்தத் தேதிக்கு ஆஜராகணும்னுதான் தோணுது" என்பாள்.

போன மாதம் விவகாரம் முற்றியது. பெண்கள் கூட்டத்தின் ஆண்டு ஆராதனையில் மைக்கில் ஜெபிக்க அவளைத்தான் பெண்கள் ஒரே குரலில் கேட்டார்கள். அவளுக்கும் ஆசைதான். அப்பா என்றாலே வாயடைத்துப் போகிற பெண்கள் தன்னைப் போல நாலு பேராவது அந்த பெஞ்சுகளில் இருப்பார்கள், அவர்கள் காதில் ஒருதரம் இப்படி ஒரு ஜெபம் விழட்டுமே என்று நினைத்தாள். கமிட்டிக் கூட்டத்தில் மூப்பர் விடவில்லை. "மாமா என்றால் மாமனாரா, கணவரா, போலீஸ்காரரா? இன்னொரு பொருளும் உண்டு, அதைச் சபையில் நான் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது, சிரிப்பை அடக்க ஆளுக்கொரு பக்கம் இருமினார்கள். கடைசியில் முடிவானது இது: அவள் 'பிதாவே' என்று ஜெபிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூப்பரின் மனைவி ஜெபிப்பார்.

இதை அவளிடம் சொல்லும் பொறுப்பு போதகர் தலையில் விழுந்தது. பாவம், அவர் அவளிடம்தான் கார் பழகுகிறார். வயதில் சின்னவர், கோயிலில் 'சகோதரி' என்பவர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் 'அக்கா' என்பார். டெஸ்டில் இரண்டு தடவை கோட்டை விட்டவர். அடுத்த பாடத்தில் வண்டி நகர்ந்ததும் மெதுவாக ஆரம்பித்தார்.

"மூப்பர் சொல்றதுலயும் நியாயம் இருக்குக்கா. ஜெபம்னா எல்லாரும் சேந்து ஆமென் சொல்லணும்ல?"

"கிளட்ச்."

"வேதத்துல பிதான்னுதானே இருக்கு?"

"அவங்க ஊர்ல அப்பாங்க ஒழுங்கா வீட்டுக்கு வந்திருப்பாங்க. தாய்மாமனுக்கு அங்க ஒரு வேலையும் இல்லபோல. ரெண்டாவது கியர்."

போதகர் கியரைத் தேடிப் பிடித்துப் போட்டார். "உங்கப்பாவைப் பாத்தா கடவுளுக்கு அந்தப் பேரை வச்சாங்க? அப்பான்னா எப்படி இருக்கணும்னு அவரைப் பாத்து நாம தெரிஞ்சுக்கத்தான்கா அந்தப் பேரு."

பிரேக் அக்கா பக்கக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தாள். நல்ல பேச்சு என்று அவளுக்கே பட்டது. "நல்லாத்தான் சொல்றீங்க. மண்டை ஒத்துக்குது, நாக்குக்கு யாரு சொல்றது? அப்பான்னா எனக்கு ஒரு காலி ஆணிதான் ஞாபகத்துக்கு வருது, சட்டை மாட்டுற ஆணி. ஐயோ தம்பி, லாரி!"

போதகர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டு "அம்மா!" என்று அலறினார். அவள் காலில் இருந்த பிரேக், லாரியின் பின்பலகைக்கு ஒரு சாண் முன்னால் காரை நிறுத்தியது.

"பாத்தீங்களா?" என்றாள் பிரேக் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே. "நீங்களும் பிதாவேன்னு கூப்பிடல."

வீடு வந்து சேரும் வரை போதகர் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. இறங்கும்போது, "எனக்கு எப்பக்கா சம்மணம் போடுவீங்க?" என்று கேட்டார்.

"கண்ணாடியப் பாத்து ஓட்டுற அன்னைக்கு."

ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவள் பழகிப் பார்த்தாள். "பிதாவே... பிதாவே... இண்டிகேட்டரைப் போடு பிதாவே" என்று அவள் முனகியதில் ஒரு பல்கலைக்கழக மாணவி குழம்பிப் போய் வைப்பரைப் போட்டாள். மாமாவிடம் கேட்டதற்கு, "அவங்க சொல்ற மாதிரியே சொல்லித் தொலையேன், எனக்கென்ன குறைஞ்சா போகுது?" என்றார் அவர். சொல்லிவிட்டு, அன்று முழுவதும் யாரிடமும் லாரிக் கதை சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பெயரைச் சொன்னதும் பிரேக் அக்கா எழுந்து போய் மைக்கின் முன்னால் நின்றாள். "பி..." என்றாள். மைக் அதைப் பெரிதாக்கி நாலு சுவரிலும் அடித்தது. மறுபடியும் "பி..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. வலது கால் தரையை அமுக்கு அமுக்கென்று அமுக்கியது. முன்வரிசையில் மூப்பர் தொண்டையைச் செருமினார். அவர் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாதி எழுந்தே விட்டார்.

இறங்கிவிடலாம் என்று திரும்பியவளின் கண், மேடையோரத்தில் முதுகு உயர்ந்த நாற்காலியில் இருந்த போதகர் மேல் பட்டது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே குனிந்து ஒரு ஷூவைக் கழற்றினார், இன்னொன்றையும் கழற்றினார். பிறகு வெள்ளை அங்கியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சபை மொத்தமும் பார்க்க, இரண்டு காலையும் நாற்காலி மேல் ஏற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.