ஸ்பேர் வரவில்லை

என் மனைவி ஜெயமேரியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் எங்கள் செல்போன் சர்வீஸ் கடை வாசலில் நின்று ஒரு பதினாறு வயதுப் பையனிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஸ்பேர் இன்னும் வரல சாமி. பெங்களூர்ல இருந்து வரணும். வியாழக்கிழமை வந்து பாரு." பையன் வாசல் படியை ஒரு உதை உதைத்துவிட்டுப் போனான். அவள் பையை எடுத்துக்கொண்டு, நாகரசம்பட்டியில் தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினாள். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் தொழிலில் இந்தப் பொய் புதிதல்ல. டிஸ்பிளே மாற்றி, துடைத்து, தயாராக இருக்கும் போனை "பரீட்சை முடியற வரைக்கும் குடுக்காதீங்க, ஸ்பேர் வரலன்னு சொல்லிடுங்க" என்று பெற்றோர் கேட்டுக்கொள்வார்கள். நாங்களும் செய்வோம். வீட்டில் பதினைந்து, பதினாறு வயதில் ஒன்றை வைத்திருக்கும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. செத்துப்போன போன்களைத் திறந்து திறந்து தானாகவே வேலை கற்றுக்கொண்டவன் நான், உள்ளே உட்கார்ந்திருப்பேன். முன்னால் நின்று பேசுகிறவள் அவள். அந்தப் பொய்யை அதுவரை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மூன்றாவது டிஸ்பிளே

பையன் பெயர் மஞ்சு. பிளஸ் ஒன். ஒரே வருடத்தில் மூன்று முறை போனை உடைத்தவன். முதல் முறை கேமில் தோற்றதற்கு. இரண்டாவது, தம்பி அதைப் பார்த்துச் சிரித்ததற்கு. மூன்றாவது, "சாப்ட்டுட்டுப் பாரேன்டா" என்று அம்மா சொன்னதற்கு.

கை தவறி விழுந்த போன் பெரும்பாலும் ஒரு மூலையில் உடையும். சுவரில் எறிந்தது முழுக்கச் சிதறி, ஃபிரேமும் வளைந்திருக்கும். ஆனால் எறிந்ததாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பாக்கெட்டிலிருந்து விழுந்தது என்பார்கள். மஞ்சு ஒப்புக்கொள்வான். எறிந்த அடுத்த நிமிடம் ஓடிப்போய்ப் பொறுக்குகிறவனும் அவனேதான். மூன்றாவது முறை, துண்டுகளை டிபன் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தான். "எறியறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டியா சாமி?" என்று ஜெயமேரி கேட்டாள். அதை நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "எறியும்போது நான் அங்க இல்ல ஆன்ட்டி. விழுந்து சத்தம் கேட்ட அப்புறம்தான் வரேன்."

யார் மாதிரி

மறுநாள் அவன் அப்பா ரவி வந்தார். ஜூஜுவாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நின்றார். அமைதியான மனிதர்தான்; கோபம் வந்தால் மட்டும் தமிழிலிருந்து கன்னடத்துக்குப் போய்விடுவார். போனை முழுப்பரீட்சை வரை கொடுக்க வேண்டாம் என்றார். இன்னொரு முறை எறிந்தால் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்று மகனிடம் சொல்லியிருக்கிறாராம். சும்மா மிரட்டல் இல்லை, செய்துவிடுவேன் என்றார். பாதி கன்னடத்தில்.

சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டைக் கவுன்டர் மேல் ஓங்கி வைத்தார். கவுன்டர் கண்ணாடி குறுக்காக விரிசல் விட்டது. மூன்று பேரும் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் தமிழுக்குத் திரும்பி, மெதுவாகச் சொன்னார்: "எங்க வீட்ல யாருக்கும் இப்படி கோபம் வராதுங்க மேடம். இவன் மட்டும் யார் மாதிரின்னே தெரியல."

எனக்கு வராத பொய்

ஜெயமேரியின் அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்துக் கடையைத் திறந்தேன். அன்று சாயங்காலமே மஞ்சு வந்தான். ஷட்டரில் ஒட்டியிருந்த அவளுடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஏற்கெனவே பார்த்திருக்கிறான். "ஸ்பேர் வந்துச்சா அங்கிள்?" என்றான்.

போன் என் டிராயரில் இருந்தது. எடுத்துக் கொடுத்து, அவன் மறுபடி எறிந்தால் படிப்பு போய்விடும். அது ஒரு காரணம். ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. பத்து நாள் பூட்டிக் கிடந்த கடைக்கு ஸ்பேர் வந்திருக்க வழியில்லை; அன்றே கொடுத்துவிட்டால், அவள் அவனிடம் கடைசியாகச் சொன்னது பொய் என்று ஆகிவிடும். தலையைத் தூக்காமல் "வரல" என்றேன். அன்று அவன் படியை உதைக்கவில்லை. "ஆன்ட்டி சொன்னா நம்பற மாதிரி இருக்கும் அங்கிள்," என்றான். "நீங்க சொன்னா உங்களுக்கே வலிக்கற மாதிரி இருக்கு."

ஒரு நாள் பழசு

அந்த மாதத்திலேயே இன்னொன்று. பள்ளி யூனிஃபார்மில் ஒரு பெண் மூச்சு வாங்க ஓடிவந்தாள். அவள் தோழியின் போன் பேட்டரி மாற்ற என் கடையில் இருந்தது. இவள் முதல் நாள் அவள்மேல் ஏதோ கோபம் வந்து, நெட் தீர்ந்துபோனதால் சாதாரண எஸ்எம்எஸ்ஸாகத் திட்டி அனுப்பிவிட்டாள். அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. "அவ பாக்கறதுக்குள்ள அழிச்சிடுங்க அங்கிள்" என்று கவுன்டரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்தவர் மெசேஜை நான் தொடுவதில்லை. ஆனால் அன்று தோழி வந்து கேட்டபோது, ஸ்பேர் வரவில்லை என்றேன். கொஞ்சம் பழகியிருந்தது. இவள் அன்றே அவள் வீட்டுக்குப் போய், தான் அனுப்பியது என்ன என்று சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். மறுநாள் இருவரும் சேர்ந்து வந்து போனை வாங்கி, கடை வாசலிலேயே திறந்து படித்தார்கள். தோழி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நேத்தே படிச்சிருந்தா இவகூட ஜென்மத்துக்கும் பேசியிருக்க மாட்டேன் அங்கிள். இன்னிக்குப் படிச்சா சிரிப்பா வருது."

அலாரம்

மஞ்சு தினமும் நாலரை மணிக்கு, ட்யூஷன் போகும் வழியில் வந்து கேட்பான். நான் வரவில்லை என்பேன். சும்மா கிடந்தால் பேட்டரி கெட்டுவிடும் என்று அவ்வப்போது அந்தப் போனுக்கு சார்ஜ் போட்டு வைப்பேன். ஒரு நாள் ஆன் செய்து பார்த்தவன், மறுபடி அணைக்க மறந்துவிட்டேன். அவன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே டிராயருக்குள்ளிருந்து அலாரம் அடித்தது.

நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறவன் போல மேசையைத் தடவினேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. விரிசல் விட்ட கவுன்டர் கண்ணாடியை இவன் முழுதாக உடைத்துவிடப் போகிறான் என்று நினைத்தேன். அதைவிட, "அப்போ ஆன்ட்டி பொய் சொன்னாங்களா?" என்று கேட்டுவிடுவானோ என்றுதான் பயமாக இருந்தது.

"அது என் ட்யூஷன் அலாரம் அங்கிள். நிறுத்துங்க, கரன்ட் ஷாக் அடிச்ச மாதிரி நிக்காதீங்க," என்றான். உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

அவன் போன் வாங்க வந்த முதல் நாளே ஜெயமேரி அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். போன் ரெடி, உங்கப்பாதான் வச்சுக்கச் சொல்றார் என்று. அவன் கத்திவிட்டுப் போயிருக்கிறான். மறுநாள் திரும்பி வந்து, நீங்களே வைத்திருங்கள் என்று அவனேதான் கேட்டானாம். கையில் இருந்தால் எறிந்துவிடுவோம், படிப்பு போய்விடும் என்ற பயம். தினமும் வந்து கேட்காமல் தன்னால் இருக்க முடியாது, கேட்டால் ஸ்பேர் வரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றும் சொல்லி வைத்திருக்கிறான்.

"குடுக்க மாட்டேன்னு சொன்னா கோபம் வரும் அங்கிள். ஸ்பேர் வரலன்னா யார் மேல கோபப்படறது?"

"அப்புறம் எதுக்குப் படிய உதைச்ச?"

"அது பெங்களூர் மேல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் போனபிறகு கடையில் நான் சிரித்தது அன்றுதான். என்னிடம் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. பையை மாட்டிக்கொண்டு எழுந்தவன், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நீங்க ஆன்ட்டிக்காகச் சொல்றீங்கன்னு தெரிஞ்சுது. அதான் சும்மா இருந்தேன்."

இப்போது

பரீட்சை முடிந்த அன்று அப்பாவும் மகனும் சேர்ந்து வந்து போனை வாங்கிப் போனார்கள். இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மஞ்சு கிருஷ்ணகிரியில் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிறான். நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டையும் ஒரு சீப்பையும் எறிந்ததாகக் கேள்வி. இரண்டும் என் கடையில் பழுது பார்க்கும் பொருள் அல்ல. அவன் சொல்லி, வேறு சில பிள்ளைகளும் அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் தாங்களே வந்து போனைக் கொடுத்து, கேட்டாலும் தராதீர்கள் என்கிறார்கள்.

இன்று கடையில் பதினொரு போன்கள் இருக்கின்றன. உண்மையிலேயே ஸ்பேருக்குக் காத்திருப்பவை இரண்டு.